மண்டபம் கேம்ப்பில் அள்ளிய மண்

சேதுவண்டி (மண்டபம்), ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க படிக்கத்தான் வருவேன், எழுதிப் பழக்கமில்ல. பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

பதினெட்டு வருசமா ராமேஸ்வரம் சவாரி ஓட்டுறேன். போன வாரம் தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து ஒரு தம்பதி வந்தாக. எழுபது வயசு இருக்கும். பார்த்தா நம்ம பக்கத்து வீட்டுக்காரவுக மாதிரி இருக்காக, ஆனா தமிழ்ல அம்மா, தாத்தா, கறி, இந்த மாதிரி நாலஞ்சு சொல்லுக்கு மேல வராது. வழக்கமான ரவுண்டு கூட்டிப் போனேன். பேக்கரும்புல கலாம் ஐயா நினைவிடம், தனுஷ்கோடி, குந்துகால்ல விவேகானந்தர் 1897-ல வந்து இறங்குன எடம். எல்லாத்தையும் பொறுமையா பார்த்தாக. கடைசியில அந்த அம்மா கேட்டாக: "எங்க ஆளுங்க ராம்நாட்ல இருந்து கூலியா போனவங்க. அவங்க கப்பல் ஏறுன எடம் எது?"

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. பதினெட்டு வருசத்துல ஒரு சவாரியும் இதக் கேட்டதில்ல. எங்க அப்பா சின்னப்புள்ளையில சொன்னது ஞாபகம் வந்துச்சு, கூலிக்குப் போறவுகள மண்டபம் கேம்ப்லதான் அடைச்சு வச்சு அனுப்புவாகன்னு. நேரா அங்க விட்டேன் வண்டிய. உள்ள இப்ப இலங்கை அகதிகள் இருக்காக, நினைச்ச மாதிரி போக முடியாது. ரோட்டோரமா நிறுத்தி "இதுதான்"னு கையக் காட்டுனேன். அந்த அம்மா செருப்பக் கழட்டிட்டு, குனிஞ்சு ஒரு பிடி மண்ண அள்ளி கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டாக. அழுதாக. வீட்டுக்காரர் படம் எடுக்க ஏதாச்சும் பலகை இருக்கான்னு தேடுனாரு. என் கண்ணுக்கு ஒண்ணும் தட்டுப்படல. கடைசியில ரயில்வே ஸ்டேசன் மஞ்சப் பலகையில "மண்டபம் கேம்ப்"னு எழுதியிருக்குல்ல, அதப் படம் எடுத்துக்கிட்டாரு.

அன்னைக்கிலருந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. நாமளே சேர்ந்து மனு குடுத்து ஒரு பலகை வைக்கச் சொன்னா என்ன? "இங்கிருந்து நம் மக்கள் அடிமைகளாகக் கடல் கடந்தனர்" அப்படின்னு எழுதலாமா? படிச்சவுக சொல்லுங்க.

---

கீழக்கரை காக்கா, ஞாயிறு இரவு

தம்பி, பலகை வைக்கிறது லேசு. வச்சா எழுதுனவர் பேரு சின்னதாவும் திறந்து வச்சவர் பேரு பெருசாவும் இருக்கும், அதுக்கு ரெடியா?

ஒரு திருத்தம். கேம்ப்பும் பாலமும் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தக் கரையிலருந்து ஆள் போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், எல்லாத் துறையிலருந்தும் தோணியில மன்னார்ப் பக்கம் போய் இறங்கி, அங்கருந்து காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை. தோட்டத்துல அப்ப காப்பி, தேயிலை பொறவுதான் வந்தது. காலரா, காய்ச்சல், தண்ணியில்லாத காடு. வழியிலயே செத்தவுக ஆயிரக்கணக்குல. எங்க உம்மாவைப் பெத்த உம்மா "கண்டி வழி"ன்னாலே துஆ செஞ்சுட்டுத்தான் பேச்ச எடுப்பாக. தோணி ஓட்டுனவுகள்ல எங்க ஆளுகளும் உண்டு, அதையும் சொல்லிடறேன்.

---

தேவிபட்டினம் டீச்சர், திங்கள் காலை

சேதுவண்டி தம்பி, மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அவர்களுக்குக் காட்டியது தப்பான இடம்.

டர்பனுக்குப் போனவர்கள் மண்டபத்தில் கப்பல் ஏறவில்லை. முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பனில் 342 பேரை இறக்கியது. அதன்பின் போனவர்களில் தென்பகுதிக்காரர்கள் எல்லாரும் சென்னைத் துறைமுகம் வழியாகத்தான் போனார்கள். நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் மாகாணம்) ஆள் அனுப்புவது 1911-லேயே நின்றுவிட்டது. மண்டபம் கேம்ப் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்காக இலங்கை அரசு நடத்தியது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்த காலத்தில்தான் அது சூடுபிடித்தது. அதற்கு முன் அந்த வேலை தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் நடந்தது.

கேம்ப்பில் என்ன செய்தார்கள் என்றால், வந்தவர்களைச் சில நாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, துணிமணியை அவித்து, நோய் இல்லை என்று பார்த்து அனுப்புவார்கள். அதே போட் மெயில் ரயிலில் காசு கொடுத்து மேல் வகுப்பில் போன துரைமாருக்கும் வியாபாரிகளுக்கும் இந்த அடைப்பு இல்லை. காலரா வகுப்புப் பார்த்தா வரும்?

"அடிமை" என்ற சொல்லைப் பற்றி மாலையில் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு மணி அடித்துவிட்டது.

---

சேதுவண்டி, திங்கள் காலை

டீச்சர், படிச்சதும் வண்டிய ஓரங்கட்டிட்டேன். அந்த அம்மா அந்த மண்ண விமானத்துல கொண்டு போயிருப்பாக.

---

உச்சிப்புளி குமார், திங்கள் மதியம்

ஏன்ணே இப்படி? அடிமைன்னா ஆப்பிரிக்காக்காரன். சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போனான், ஏலம் போட்டான். நம்ம ஆளுக பொழப்புக்குப் போனாக, சம்பளம் வாங்குனாக. எங்க பாட்டையா கண்டிச்சீமை போயி சம்பாரிச்சுத்தான் ஊர்ல மச்சு வீடு கட்டுனாரு. "அடிமை"ன்னு பலகை வச்சா அவரு பேரன் நான் அந்த வழியா தலை நிமிர்ந்து போக முடியுமா?

---

தேவிபட்டினம் டீச்சர், திங்கள் மாலை

குமார் கேட்டது நியாயமான கேள்வி. அந்தச் சொல்லைப் பலகையில் போட நானும் தயங்குவேன். ஆனால் காரணம் வேறு.

பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் அதிலிருந்து விலக்கிவிட்டது. இங்கே 1843-ல் தனியாக ஒரு சட்டம் வந்தது. அதுகூட "இன்று முதல் யாரும் அடிமை இல்லை" என்று சொல்லவில்லை. ஒருவன் இன்னொருவனுக்கு உடைமை என்று சொன்னால் கோர்ட் ஏற்காது, அவ்வளவுதான். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று ஆனது 1860-ன் தண்டனைச் சட்டத்தில்.

இடைப்பட்ட காலத்தைப் பாருங்கள். மொரீஷியஸில் ஆப்பிரிக்க அடிமைகளின் விடுதலை நெருங்கியபோதே, 1834 நவம்பர் 2-ல் இந்தியக் கூலிகள் போய் இறங்கினார்கள். கரும்புக் காடு அதேதான், முதலாளியும் அவனேதான், கைரேகை வைத்த ஒப்பந்தம் மட்டும் புதுசு. ஐந்து வருட ஒப்பந்தக் கூலி அது. இலங்கைக்குப் போனவர்களுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை, சட்டப்படி "சுதந்திரத் தொழிலாளி". அப்படியானால் எப்படிக் கட்டினார்கள்? கடனால். கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போய் மேற்பார்க்கிறவன், ஊரில் முன்பணம் கொடுப்பான். வழிச்செலவு, துணி, அரிசி எல்லாம் பற்று எழுதுவான். தோட்டம் மாற வேண்டுமென்றால் "இவன் கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிறவன் கூட்டிப் போகலாம்" என்று துரை ஒரு துண்டு எழுதித் தருவார். ஆளை விற்கவில்லை, ஆளின் கடனை விற்றார்கள். அந்தத் துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் ஜெயில் என்று 1865-லேயே இலங்கையில் சட்டம் இருந்தது.

ஆக, அடிமை என்று எழுதினால் கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவனின் கதையை நாம் இரவல் வாங்குகிறோம். தொழிலாளி என்று மட்டும் எழுதினால் அந்தத் துண்டுக் காகிதத்தை மறைக்கிறோம்.

---

ஏர்வாடி மாலுமி, திங்கள் இரவு

டீச்சர் நல்லாச் சொன்னீங்க. ஆனா சங்கிலி நம்ம கரைக்கு வரவே இல்லன்னு குமார் தம்பி நினைக்கிறது தப்பு.

நான் சரக்குக் கப்பல்ல வேலை. கேப் டவுன்ல நாலு நாள் நின்னப்ப ஊருக்குள்ள "ஸ்லேவ் லாட்ஜ்"னு ஒரு பழைய கட்டடம் பார்த்தேன். 1679-ல டச்சுக் கம்பெனி தன் அடிமைகள அடைக்கக் கட்டுனது, இப்ப மியூசியம். ஆப்பிரிக்காக்காரங்கதான் இருப்பாங்கன்னு போனா, பேருக பூரா "வான் பெங்காலன்", "வான் மலபார்", "வான் டி குஸ்ட்". வானுன்னா டச்சுல "இன்ன எடத்திலருந்து"னு அர்த்தமாம். குஸ்டுன்னா கரை. எந்தக் கரைன்னு காவலாளியக் கேட்டேன். கோரமண்டல்னான். நம்ம சோழ மண்டலக் கரைய்யா! எனக்குக் கால் நகரல. அப்பா பேரு கெடையாது, ஊர்ப் பேரு கெடையாது, வெறும் "கரைக்காரன்". இன்னும் சில பேருக்கு வந்த மாசத்தையே பேரா வச்சிருக்கான். இன்னைக்கும் அந்த ஊர்ல "செப்டம்பர்", "பிப்ரவரி"ன்னு குடும்பப் பேரு உள்ளவுக இருக்காக.

1659-61 பஞ்சத்துல தஞ்சாவூர்ச் சீமையில பெத்த புள்ளைய வித்தாக. நாகப்பட்டினத்த அப்பத்தான் புடிச்சிருந்த டச்சுக்காரன் ஆயிரக்கணக்குல வாங்கிக் கப்பல் ஏத்துனான், இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் (இப்ப ஜகார்த்தா). 2022 டிசம்பர்ல டச்சுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டாரே, அந்தப் பேச்சுலயே ஆசியாவுல மட்டும் 6,60,000-லருந்து பத்து லட்சத்துக்கு மேல வரைக்கும் ஆளுக கைமாறுனதா சொன்னாரு. நம்ம டீவியில அது வந்துச்சா? நான் அப்ப கடல்ல இருந்தேன், தெரியல.

இன்னொண்ணு. நான் பள்ளிக்கூடத்துல சுருட்டை முடிக்காரன், எனக்குப் பட்டப்பேரு "காப்பிலி". ஏன் அப்படிக் கூப்பிடுறோம்னு கூப்பிட்டவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அரபிச் சொல்லு போர்ச்சுக்கீசியன் வாயில பொரண்டு வந்ததாம். அவன் ஆப்பிரிக்காவிலருந்து கொண்டு வந்த ஆளுகளோட வாரிசு புத்தளத்துப் பக்கம் சிராம்பியடியில இன்னைக்கும் இருக்காக. அவுகளப் பத்தி நமக்குத் தெரிஞ்சது அந்த வசவு மட்டுந்தான்.

---

கீழக்கரை காக்கா, திங்கள் இரவு

மன்னார் பள்ளிமுனையில ஒரு பெருக்க மரம் இருக்கு, ஆப்பிரிக்கா மரம். அதப் பார்க்க டூரிஸ்ட் வண்டி போகுது. நம்ம அகராதியில அதுக்குப் பப்பரப்புளின்னு பேரு கூட உண்டு. மரம் வந்தது ஞாபகம் இருக்கு, பாருங்க.

---

லயத்துப் பேரன் (கோத்தகிரி), செவ்வாய் காலை

நீங்க எல்லாரும் போனவங்களப் பத்தியே பேசுறீங்க. அதே வாசல் வழியாத் திரும்பி வந்தவங்க நாங்க.

1948-ல இலங்கையில எங்க ஆளுங்களோட குடியுரிமைய எடுத்தாங்க. 1964-ல ரெண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பங்கு பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேரப் பொறவு பார்த்துக்கலாம்னு விட்டாங்க. எங்க அம்மாயிகிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கல. அவங்க பொறந்தது அட்டன் பக்கத்துல லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல. கொழுந்து பறிச்ச கை. தலைமன்னாருல கப்பலேறி ராமேஸ்வரத்துல இறங்குனப்பத்தான் வாழ்க்கையில முதல்முறையா "தாய்நாட்ட"ப் பார்த்தாங்க. அங்கருந்து மண்டபம் கேம்ப். எங்க கொள்ளுத்தாத்தா ஊசி போட்டுக்கிட்டு வெளிய போன அதே கேம்ப்புல அம்மாயி அரிசிக்கு வரிசையில நின்னாங்க. 83 கலவரத்துக்குப் பொறவு அங்கயே அகதிங்க. நூறு வருசத்துல மூணு தடவ ஒரே கொட்டகை.

அங்க எங்களத் தோட்டக்காட்டான், கள்ளத்தோணின்னாங்க. சொன்னதுல தமிழ் பேசுறவங்களும் உண்டு. இங்க வந்து தேயிலைத் தோட்டத்துலயே வேலை குடுத்தாங்க, அரசாங்கத்துதுதான். இன்னைக்கும் எங்க லைன் வீடுகளுக்கு "சிலோன் காலனி"ன்னுதான் பேரு.

பலகை வைக்கிறதுன்னா மூணு பேருக்கும் சேர்த்து வைங்க. கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்துல பழைய லயத்தையே மியூசியமா மாத்தியிருக்காங்க. 2023-ல, மலையகத்துக்கு ஆள் வந்து 200 வருசம்னு, தலைமன்னாருல இருந்து மாத்தளை வரைக்கும் அந்தப் பழைய வழிய நடந்தாங்க. கடலுக்கு அந்தக் கரை நடக்குது, இந்தக் கரைக்குத் தகவலே இல்ல.

---

பரமக்குடி நெசவு, செவ்வாய் மதியம்

எல்லாரும் டச்சுக்காரன், துரை, பார்லிமெண்டுன்னு சுத்திச் சுத்தி வர்றீங்க. வீட்டுக்குள்ள வாங்க.

இலங்கைக்குப் போனவங்கள்ல நிறையப் பேரு ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க. தாது வருசப் பஞ்சம்னா (1876-78) அது எல்லாருக்கும் பஞ்சம்தான், ஆனா நிலம் உள்ளவன் நகையை வித்தான், நிலமில்லாதவன் தன்னை வித்தான். அது வெள்ளைக்காரன் கத்துக் குடுத்ததும் இல்ல. 1201-ல திருப்பாம்புரத்துல ஒரு வேளாளரும் ரெண்டு மகள்களும் பஞ்சம் தாங்காம 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாத் தங்களை வித்துக்கிட்டதக் கல்லுலயே வெட்டி வச்சிருக்கோம். சுந்தரர் கல்யாணத்துல கிழவர் நீட்டுனது என்ன? ஆளோலை. அடிமைச் சாசனம். அத பக்தியோட கேட்டுட்டு வர்றோமே, அப்படி ஒரு ஓலை நாட்டுல புழக்கத்துல இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?

மெட்ராஸ் கவர்னரா இருந்த எலிஹு யேல் காலத்துல கோட்டையிலருந்து அடிமைகள் கப்பல் ஏறுனாங்க. அவர் பேர்ல உள்ள பல்கலைக்கழகம் 2024-ல அடிமை முறையோட தனக்கு இருந்த தொடர்புக்கு மன்னிப்புக் கேட்டுச்சு. அவர் மகன் கல்லறை நம்ம ஐகோர்ட் வளாகத்துல தொல்லியல் துறைப் பாதுகாப்புல நின்னுச்சு. நாலு வயசுல செத்த குழந்தை, அது மேல கோவமில்ல. அதே காலத்துல அதே துறையில ஏத்தப்பட்ட குழந்தைக்கு ஒரு செங்கல் உண்டா?

குமார் அண்ணே, தப்பா நினைக்காதீங்க. போன எல்லாரும் மச்சு வீடு கட்டலையே. உங்க பாட்டையா அங்க என்ன வேலை பார்த்தாரு?

---

உச்சிப்புளி குமார், செவ்வாய் இரவு

இது என்னைய்யா குடும்ப விசாரணை? சாதிய இழுக்காம உங்களுக்குப் பேசவே வராதா?

---

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆளைத் தாக்கி எழுத வேண்டாம். இழை திறந்தே இருக்கும்.

---

உச்சிப்புளி குமார், புதன் இரவு

நேத்து கோவத்துல எழுதிட்டேன். நீக்குனதுல ஒண்ணு என்னுது.

சரி, கேட்டதுக்குப் பதில் சொல்றேன். எங்க வீட்ட ஊர்ல இன்னைக்கும் "கங்காணி வீடு"ன்னுதான் சொல்லுவாக. சின்ன வயசுல அது பட்டம்னு பெருமையா இருந்துச்சு. இன்னைக்கு அப்பாகிட்ட உக்காந்து கேட்டேன். பாட்டையா வருசம் ஒரு தடவ கோட்டும் தலைப்பாவுமா வருவாராம். வேட்டி, புடவை, முன்பணம் குடுத்து, தேயிலைத் தூர்ல தேங்காயும் மாசிக் கருவாடும் கெடைக்கும்னு சொல்லி இருபது முப்பது பேரக் கூட்டிப் போவாராம். பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்கு ஆள் எண்ணுற எடத்துக்கு, வர்ற ஆள எண்ணி அவருக்குத் தலைக்காசு. அப்பா அந்தச் சொல்ல ரொம்ப சாதாரணமாச் சொன்னாரு, மாட்டுத் தரகு மாதிரி.

"போனவுகள்ல யாராச்சும் திரும்பி வந்தாகளா"ன்னேன். "நம்ம தெருவுல இருந்து யாரும் போகலையேப்பா"ன்னாரு.

---

தேவிபட்டினம் டீச்சர், புதன் இரவு

குமார், பழைய பற்றுவரவு நோட்டு ஏதாவது வீட்டில் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

---

சேதுவண்டி, வியாழன் இரவு

டர்பன் அம்மாவுக்கு உண்மையச் சொல்லிட்டேன். மக வாட்சப் நம்பர் இருந்துச்சு, என் பொண்ண விட்டு இங்கிலீசுல எழுத வச்சேன். நான் காட்டுனது தப்பான எடம், உங்க ஆளுக மெட்ராஸ்ல ஏறுனவுக, மன்னிச்சுக்கங்கன்னு. ரெண்டு நாள் பதில் இல்ல. இன்னைக்கு வந்துச்சு. மண்ணு பூசை அலமாரியில இருக்காம், எடுக்க மாட்டாகளாம். கூடவே கப்பல் பதிவேட்டுல அவுக கொள்ளுப்பாட்டி வரியப் படம் புடிச்சு அனுப்பியிருக்காக. ஒரு நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு 19, சாதி, ஒசரம், இடது கன்னத்துல மச்சம். ஜில்லா மதுரைன்னு போட்டிருக்கு, தாலுகா ராம்நாடு.

மதுரைன்னு பார்த்துக் குழம்பிட்டேன்.

---

தேவிபட்டினம் டீச்சர், வியாழன் இரவு

குழம்ப வேண்டாம். ராமநாதபுரம் தனி ஜில்லா ஆனது 1910-ல். அதற்கு முன் மதுரை ஜில்லாதான். அப்படியானால் அந்த அம்மா அள்ளியது கப்பலேறிய இடத்து மண் இல்லை, ஆனால் அவருடைய ஊர்ச் சீமை மண். கிராமத்தின் பெயர் இருக்கிறதா?

---

சேதுவண்டி, வியாழன் இரவு

இருக்கு டீச்சர். வெள்ளைக்கார குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதியிருக்கான். வாய்விட்டுப் படிச்சா உச்சிப்புளியிலருந்து கூப்பிடு தூரத்துல உள்ள ஊரு மாதிரிதான் வருது. பொதுவுல போட வேண்டாம்னு வீட்டுல சொல்றாக.

---

உச்சிப்புளி குமார், வியாழன் இரவு

சாதி என்னன்னு போட்டிருக்கு?

(பரமக்குடி அண்ணே, அடிக்க வராதீங்க. அது தெரியாம எந்தத் தெருவுல போய்க் கேக்கிறது? ஊருன்னு பொதுவா ஒண்ணு இல்லியே.)

---

பரமக்குடி நெசவு, வியாழன் இரவு

அடிக்க வரல. நீங்க சொல்றது சரிதான்.

---

சேதுவண்டி, வெள்ளி காலை

குமார் தம்பி, தனியா அனுப்பியிருக்கேன் பாருங்க. வர்ற மாசி மகத்துக்கு அவுக மகளும் மருமகனும் வர்றாகளாம். அதுக்குள்ள யாராச்சும் போய்க் கேட்டு வச்சா நல்லது. பலகை மனுவ டீச்சர் எழுதிக் குடுத்திருக்காக. "அடிமை"ங்கற சொல்லு இல்ல, துண்டு இருக்கு, தலைக்காசும் இருக்கு.

---

உச்சிப்புளி குமார், ஞாயிறு காலை

பார்த்தேன். எங்க வீட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் கூட வராது. ஊர் தெரியும், கோயில் தெரியும், மெயின் ரோட்டு டீக்கடை தெரியும். நாப்பத்தோரு வயசாச்சு, அந்தத் தெருவுக்குள்ள நான் போனதில்ல.

இன்னைக்கு சாயங்காலம் போறேன். கண்மாய்க் கரை வழியா வண்டி போகுமா, இல்ல பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு நடக்கணுமா? தெரிஞ்சவுக சொல்லுங்க.

---

பரமக்குடி நெசவு, ஞாயிறு காலை

கண்மாய்க் கரையில வண்டி போகும். மழை பெஞ்சிருந்தா மட்டும் இறங்கித் தள்ளணும்.